நெடுநாள் நின்ற கார் ஏன் கிளம்பவில்லை?



கார் கிளம்பவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அதில் நாம் படிக்க என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கிளம்பாத கார் ஒரு வினாத்தாளைப் போன்றது. வெப்பம், மின்சாரம், காந்தவியல், வேதியியல் ஆகிய எல்லாப் பாடங்களிலிருந்தும் அதில் கேள்விகள் உண்டு. விடைகளும் காருக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் சரியான வரிசையில் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது விடை சொல்லும்.

முதலில் நோயை அறிய வேண்டும். பிறகு அந்நோயின் காரணத்தை அறிய வேண்டும். அதன் பின்னரே மருந்து தர வேண்டும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் கற்பிக்கும் ஒழுங்கு இது. மனிதருக்குச் சொல்லப்பட்ட அந்த ஒழுங்கு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

நம் வட்டாரத்தில் இந்தப் பாடத்துக்குத் தனித் தேவை ஒன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பிகளாக இழுக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. கொட்டகையில் பல்லாண்டு நின்ற கார் ஒன்றைப் பார்த்து, ‘எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். தாத்தா அருமையாக வைத்திருந்த கார் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து உலைக்கும் போய்விடக்கூடும். அந்தச் சொல் உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். உலைக்கு அனுப்பிய பிறகு சோதிக்க முடியாது. ஆகவே முன்பே சோதிக்கக் கற்போம்.

நம் ஊரும் மோட்டார் காரும்

மோட்டார்த் தொழில் நமக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம், எண்ணூரில் இங்கிலாந்து நாட்டின் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டி விற்றது. அதுவே பின்னர் லேலண்டு நிறுவனத்துடன் சேர்ந்து அசோக் லேலண்டு ஆயிற்று. லாரிகளையும் பஸ்களையும் செய்யத் தொடங்கியது. பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை, கார்களுக்கு வேண்டிய செல்ப் மோட்டார், டைனமோ முதலிய மின் கருவிகளைச் செய்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அமைத்த தொழிற்சாலையில் முதலில் மண் அள்ளும் பெரிய இயந்திரங்களும், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களும் உருவாயின.

அந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது அம்பாசிடர் கார். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேயக் காரின் வடிவத்தில் பிறந்த அது, கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் செய்யப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. நெடுநாள் ஓடிய அதன் பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்டது. அதில் கணிப்பொறி கிடையாது. மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஆகவே கற்பதற்கு ஏற்ற கார் அதுதான். பிரிமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய பழைய கார்களுக்கும் இப்பாடம் பெரும்பாலும் பொருந்தும்.

எஞ்சின் கேட்பவை நான்கு

எந்தப் பெட்ரோல் எஞ்சினும் கிளம்புவதற்கு நான்கே நான்கு பொருள்களைக் கேட்கிறது.

1. சுழற்சி: தானாக ஓடத் தொடங்கும்வரை யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும். பேட்டரியும் செல்ப் மோட்டாரும் அதைச் செய்கின்றன. முற்காலத்தில் முன்புறம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றினார்கள். 1912இல் காடிலாக் காரில் மின்சாரச் செல்ப் வந்த பிறகுதான், உடல் வலிமை மிகுதியாக இல்லாதவர்களும் துணையின்றிக் கார் ஓட்டும் காலம் பிறந்தது.

2. கலவை: பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரிகிறது. எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். இந்தக் கலவையைத் தயாரிப்பது கார்புரேட்டர்.

3. அமுக்கம்: பிஸ்டன் மேலேறும்போது கலவையை நெருக்கி அமுக்குகிறது. வால்வுகள் சரியாக மூடாவிட்டாலும் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டாலும் அமுக்கம் கசிந்துவிடும்.

4. பொறி: அமுங்கிய கலவையில் உரிய நொடியில் பிளக் பொறி விட வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல்லாயிரம் வோல்ட் எங்கிருந்து வருகிறது? 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலிலிருந்துதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் சிறு தொடர்பு மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் பாய்கிறது. பாயிண்ட் திறந்தவுடன் அந்த ஓட்டம் சட்டென்று நிற்கிறது. காந்தப் புலம் குலைகிறது. காயிலின் இரண்டாவது சுற்றில் உயர் மின்னழுத்தம் எழுகிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி விடும். நான்கு பிளக்குகளுக்கும் சேர்த்துச் சுற்றுக்கு இரண்டு பொறிகள். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 6000 பொறிகள். அதாவது நொடிக்கு 100. அத்தனை முறையும் பாயிண்ட் திறந்து மூட வேண்டும். அதன் இடைவெளியோ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்குதான், ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில் மெல்லிய துரு படிந்தாலும் காரே நின்றுவிடும்.

இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிளம்பாத காரில் இந்நான்கில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று கண்டுபிடிப்பதே ஆராய்ச்சி.

நின்ற இடத்தில் நேரும் கேடுகள்

ஓடும் கார் தேய்கிறது; நிற்கும் கார் கெடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பேட்டரி, பயன்படுத்தாவிட்டாலும் தன் சக்தியைத் தானே மெல்ல இழக்கும். நல்ல நிலையில் உள்ள ஆறு அறைப் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அதன் பிறகு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடிப் பிசினாக மாறும். அந்தப் பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். கெட்ட பெட்ரோலை மணத்தாலேயே அறியலாம். பெயின்ட் வார்னிஷ் போல வீசும். இக்காலப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் சேர்கிறது. உப்பும் ஈரமும் கூடினால் துரு விரைந்து பிடிக்கும். பேட்டரி முனை, எர்த்து வயர், பாயிண்ட், டாங்கின் உட்புறம், சிலிண்டரின் சுவர் ஆகிய எல்லா இடத்திலும் அது வேலை செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ நீரில் நின்ற காரானால், எஞ்சின் ஆயிலிலும் நீர் கலந்திருக்கக் கூடும்.

உயிருள்ள குடியிருப்பாளர்களும் உண்டு. எலி வயரைக் கடிக்கும்; ஏர் கிளீனருக்குள் கந்தல் துணியால் கூடு கட்டும். குளவி, சைலன்சர் வாயிலும் டாங்கின் காற்றுத் துளையிலும் மண்ணால் அடைக்கும். காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வழியில்லாவிட்டால் எந்த எஞ்சினும் ஓடாது.

சாவியைத் தொடுவதற்கு முன்

நெடுநாள் நின்ற காரில் மக்கள் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. புதுப் பேட்டரி வைத்து உடனே செல்ப் அடிப்பதுதான் அது. துருப்பிடித்துச் சிலிண்டரில் ஒட்டியிருக்கும் வளையத்தை வலிய இழுத்தால் சுவர் கீறிவிடும். ஒட்டியிருக்கும் வால்வைத் தள்ளினால் தள்ளு கம்பி வளைந்துவிடும். பிழைத்திருக்கக் கூடிய எஞ்சின் அந்த ஒரு நிமிட அவசரத்தில் உண்மையாகவே பாழாகும். ஆகவே கீழ்க்கண்டவற்றை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருடைய துணையோடு முதலில் செய்ய வேண்டும்.

கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்து, காரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கூடுகளையும் குப்பையையும் அகற்ற வேண்டும். பழைய பெட்ரோலைக் குழாய் மூலம் இறக்கி, மூடியுள்ள கேனில் சேர்க்க வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். எப்படியிருந்தாலும் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி, ஓரிரு நாள் ஊற விட வேண்டும். அதன் பின் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். பிளக் இல்லாததால் அமுக்கமும் இல்லை. எளிதில் சுற்ற வேண்டும். சுற்றினால் எஞ்சின் ஜாம் அன்று. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வதந்தி அடங்கிவிடும். சுற்றாவிட்டால் வலிந்து முறுக்காமல் இன்னும் சில நாள் ஊற விட வேண்டும். எத்தனை நாள் ஊறினாலும் அசையாத எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும்.

சுற்றும்போதே மேல்மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று கண்ணால் பார்க்கலாம். பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு சுற்றச் சொன்னால், அமுக்கம் உள்ள சிலிண்டர் விரலைத் தள்ளும். நான்கு சிலிண்டரும் தள்ளினால், எஞ்சின் கேட்கும் நான்கில் அமுக்கம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

மூன்று கேள்விகள்

இப்போதுதான் நல்ல பேட்டரியைப் பொருத்த வேண்டும். பழைய ஆங்கிலேய வடிவக் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்திருக்கும். பிற்காலக் கார்களில் எதிர்முனை. எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஏ-40 முதல் வகையைச் சேர்ந்தது. காருக்குரிய முறையை அறிந்த பிறகே வயரைப் பூட்ட வேண்டும்.

கேள்வி 1: செல்ப் சுற்றுகிறதா? சாவியைத் திருகியும் ஓசையே இல்லையென்றால் பேட்டரி, சுவிட்சு, வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்ற ஓசை மட்டும் வந்து நின்றால், மின்சாரம் புறப்படுகிறது, ஆனால் போதிய அளவு சேரவில்லை என்று பொருள்.

கேள்வி 2: எஞ்சின் சுற்றியும் பற்றவில்லையா? பத்து நொடி சுற்றி, செல்ப் சூடு தணிய ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் சுற்றுங்கள். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டாங்கு, குழாய், பம்ப், கார்புரேட்டர் என்ற வழியில் தேட வேண்டும். ஈரமாக இருந்து பெட்ரோல் மணம் வீசினால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வரவில்லை. காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், மூடி, வயர் என்ற வழியில் தேட வேண்டும். ஈரமா, உலர்ந்ததா என்ற ஒரு பார்வை நம் தேடலைச் சரிபாதியாகக் குறைத்துவிடுகிறது.

நற்செய்தியில் நாம் வாசிக்கும் பத்துக் கன்னியர் உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐவருடைய விளக்கு அணைந்ததற்குக் காரணம் விளக்கின் கோளாறு அன்று, எண்ணெய்க் குறைவு. உலர்ந்த பிளக்கைப் பார்த்த பின்னும் காயிலை மாற்றுகிறவர், எண்ணெய் இல்லாத விளக்குக்குத் திரியை மாற்றுகிறவர் போன்றவர்.

கேள்வி 3: பற்றியும் நிற்காமல் அணைந்துவிடுகிறதா? சோக்கை இழுத்தால் ஓடி, விட்டால் அணைந்தால் கார்புரேட்டர்த் துளையில் பிசின் இருக்கலாம். சில நிமிடம் ஓடி அணைந்தால் டாங்கின் துரு வடிகட்டியை அடைத்திருக்கலாம். அல்லது டாங்கு மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடியைச் சற்றுத் திறந்தவுடன் மீண்டும் ஓடினால் காற்றுத் துளைதான் குற்றவாளி.

ஒரு மாதிரிக் கணக்கு

பொன்னேரியில் ஒரு வீட்டில் அம்பாசிடர் கார் ஒன்று எட்டாண்டு நின்றதாக வைத்துக்கொள்வோம். புதுப் பேட்டரி வைத்தார்கள். ஹாரன் அடிக்கிறது, விளக்கு பளிச்சென்று எரிகிறது. செல்ப் மட்டும் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. ‘பேட்டரி நன்றாக இருக்கிறது, வயரிலும் கரண்ட் இருக்கிறது, ஆகவே எஞ்சின்தான் ஜாம்’ என்று ஒருவர் முடிவு சொல்கிறார். எடைக்காரரும் விலை பேச வந்துவிட்டார். இந்த முடிவு சரியா?

அவர் சொன்னது ஊகம். இன்னும் சோதனை ஆகவில்லை. ஆயில் ஊற்றி ஊற வைத்து, ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்க்கிறோம், எளிதாகச் சுற்றுகிறது. எஞ்சின் குற்றவாளி அன்று. அப்படியானால் விளக்கு எரியும்போது செல்ப் ஏன் சுற்றவில்லை? இங்கேதான் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி கைகொடுக்கிறது.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த்துப் பட்டை துருப்பிடித்து, அதில் 0.02 ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். செல்ப் மோட்டாரோ 200 ஆம்பியர் கேட்கிறது. 200 × 0.02 = 4 வோல்ட். பன்னிரண்டில் நான்கு வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விடுகிறது. அதே துருவின் வழியாக 10 ஆம்பியர் மட்டும் பாய்ந்தால் இழப்பு 0.2 வோல்ட்தான், விளக்கோ ஹாரனோ அதை உணராது. ஆகவே விளக்கு எரிவதைக் கொண்டு செல்ப்புக்கு வழி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. சிறு பாரம் தூக்குகிறவன் பெரும் பாரமும் தூக்குவான் என்று சொல்ல முடியாதல்லவா? பேட்டரி வயரைக் கழற்றி, எர்த்துப் பட்டையின் இரு முனைகளையும் உப்புத் தாளால் தேய்த்து இறுக்கிப் பூட்டுகிறோம். செல்ப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது.

ஆனாலும் எஞ்சின் பற்றவில்லை. பிளக்கைக் கழற்றுகிறோம்; ஈரம். ஆகவே பெட்ரோல் வழியை விட்டுவிட்டுப் பொறியின் வழியில் போகிறோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பார்த்தால், இரு முகங்களிலும் சாம்பல் நிறப் படிவு. எட்டாண்டு ஈரக் காற்றின் வேலை அது. பாயிண்ட் மூடினாலும் அந்தப் படிவு மின்னோட்டத்தை விடுவதில்லை; காயிலில் காந்தம் எழவில்லை; காந்தம் எழாமல் பொறி ஏது? மெல்லிய உப்புத் தாளால் துடைத்து, இடைவெளியை அளந்து வைத்து, பிளக்குகளையும் உலர்த்திப் பூட்டுகிறோம். எஞ்சின் பற்றுகிறது.

இந்தக் கணக்கில் இருந்த கோளாறுகள் இரண்டும் துருதான். மாற்றிய பாகம் ஒன்றும் இல்லை. சோதிக்காமல் நம்பியிருந்தால் ஒரு நல்ல எஞ்சின் உலைக்குப் போயிருக்கும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தோம் என்பதையும் கவனியுங்கள். ஒரே நேரத்தில் காயிலையும் பாயிண்டையும் பிளக்கையும் மாற்றியிருந்தால் கார் கிளம்பியிருக்கலாம். ஆனால் எதனால் கிளம்பியது என்று தெரிந்திருக்காது. அடுத்த முறை நின்றால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். ஒவ்வொரு சோதனையையும் அதன் விடையையும் நோட்டில் எழுதி வைப்பதும் நல்ல பழக்கம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சென்று எங்கோ உள்ள நெருப்பைத் தொட்டுவிடும். பீடி, அகல் விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொறிச் சோதனை செய்யும்போது வயரைக் கையால் பிடிக்கக் கூடாது. திறந்த பிளக் துளையின் அருகிலும் பொறி விடக் கூடாது.

எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. மூடிய கொட்டகையில் அது உயிரைப் பறிக்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அங்கும் நெருப்பு ஆகாது. பேட்டரி வேலைக்கு முன் உலோக வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். இரு முனைகளையும் வளையல் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். ஓடும் எஞ்சினின் அருகில் செல்லும்போது தாவணியை இடுப்பில் செருகி, பின்னலை மேலே தூக்கிக் கட்டுங்கள். பேன் பெல்ட்டுக்குக் கண் கிடையாது.

எஞ்சின் கிளம்பியதும் வேகமாக முறுக்கக் கூடாது. ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். சிலிண்டரில் நாம் ஊற்றிய ஆயில் எரிவதால் முதலில் நீலப் புகை வரும். சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

கார் கிளம்பிவிட்டது என்பதற்காகச் சாலைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. நின்ற காரில் பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்திருக்கும். பிரேக் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். டயர் இறுகி வெடித்திருக்கும். ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவையும் நடப்பில் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டைக் கடந்த கார்களைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனி வரிசையில் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்திருப்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்ளலாம்.

பெண்களும் இந்தப் பணியும்

இது ஆண்களின் வேலை என்று யாராவது சொன்னால், மோட்டார் காரில் முதன்முதலாக நெடும்பயணம் சென்றவர் ஒரு தாய் என்று சொல்லுங்கள். 1888 ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு புதல்வர்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு மூன்று சக்கரக் காரில் புறப்பட்டார். அது அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் செய்த கார். தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பொறி வயரின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டையைச் சுற்றி மூடினார். எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். கட்டை பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் செய்தார். அவரிடம் பெரிய கருவிகள் இல்லை. எங்கே குறை என்று நிதானமாகப் பார்க்கும் கண் இருந்தது.

பத்தாம் வகுப்பு தேறிய பெண்களும் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வாகனம் என்னும் இரண்டாண்டுப் பயிற்சியில் சேரலாம். தொழிற்சாலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அது வீண் போகாத படிப்பு. பெற்றோர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இந்தத் தொழிலுக்கே போகாத மாணவிகளுக்கும் இப்பாடம் உதவும். வீட்டில் நின்றுபோன மோட்டார் பம்பும், எரியாத அடுப்பும், வகுப்பில் பின்தங்கிய தோழியும் கூட, ‘இனி உதவாது’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கப்படுவது உண்டு. அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளுமுன், எது குறைகிறது என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ஆராய்ந்து பார்க்கும் அறிவை இறைவன் நமக்குத் தந்திருப்பது அதற்காகத்தான்.

பயிற்சி வினாக்கள்

1. எஞ்சின் கிளம்புவதற்கு வேண்டிய நான்கும் யாவை?
2. ஹாரன் அடித்தும் செல்ப் சுற்றாததற்குக் காரணம் என்ன? ஓம் விதி கொண்டு விளக்குக.
3. பிளக் உலர்ந்திருந்தால் எந்த வழியில் தேடுவாய்? ஈரமாக இருந்தால்?
4. நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு ஏறத்தாழ எத்தனை பொறிகள் தோன்றும்?
5. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பது ஏன்? உன் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.